பந்தியில் நின்ற சாரணியர் படை

எச்சில் இலைகளை எடுக்கச் சொன்னது நான்தான். இத்தனை நாளும் வேறு யாரோ சொன்னதுபோலப் பேசிக்கொண்டிருந்தேன். தாளாளர் சொன்னார், மேனேஜர் கேட்டான், ஆள் வரவில்லை, அவசரம் என்றெல்லாம் காரணம் அடுக்கினேன். ஆனால் இருபத்துநான்கு பிள்ளைகளின் முன்னால் நின்று "இலையை எடுங்கம்மா" என்று சொன்னது என் வாய். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றவர்களைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை வரும்.

காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பதினாறு வருடம் அங்கே சாரணியர் படையும் என் பொறுப்பில் இருந்தது. கைடு கேப்டன் என்பார்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய பதவி இல்லை. வேலையில் சேர்ந்த புதிதில், யாருக்கும் வேண்டாத வேலையைக் கடைசியாக வந்தவள் தலையில் கட்டும் வழக்கப்படி என் தலையில் கட்டினார்கள். பயிற்சி முகாமுக்கு முணுமுணுத்துக்கொண்டே போனேன். அங்கே முப்பது வயதில் முதல்முறையாக ஒரு மரத்தில் ஏறினேன். மழையில் விறகு பற்றவைத்தேன். கால் பிசகிய ஒரு பெண்ணை இன்னொருத்தியோடு கை கோத்துத் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்தேன். திரும்பி வந்தபோது அந்த வேலையை வேறு யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை படைக்கு. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. அங்கேதான் முடிச்சுப் போடுவது, வரைபடம் பார்த்து இடம் கண்டுபிடிப்பது, கட்டுப் போடுவது எல்லாம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் இயக்கத்தின் கதையைச் சொல்வேன். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. சீமையில் ஆண் பிள்ளைகளுக்கென்று சாரணர் இயக்கம் தொடங்கி, பெரிய அணிவகுப்பு ஒன்று நடத்தினார்கள். அதில் சில பெண் பிள்ளைகள், தாங்களே தைத்துக்கொண்ட சீருடையும் தொப்பியுமாக வந்து வரிசையில் நின்றார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. "நீங்கள் யார்?" என்று கேட்டபோது, நாங்களும் சாரணர்கள்தான் என்றார்கள். விரட்ட முடியவில்லை. அதற்கப்புறம்தான் பெண்களுக்கென்று தனி இயக்கம்.

இந்த இடத்தில் எந்த வருடமும் ஒரு பிள்ளை கேட்கும்.

"யாரும் கூப்பிடாமயா போனாக டீச்சர்?"

"கூப்பிடாமத்தான் போனாக."

"வீட்ல வையலையா?"

வைதிருப்பார்கள். ஊரே வைதது. பெண் பிள்ளை வெயிலில் நடப்பதா, கூடாரத்தில் படுப்பதா என்று பெற்றோர் பயந்ததால், இயக்கத்தின் பெயரையே 'கைடு' என்று கொஞ்சம் மென்மையாக மாற்றினார்கள். ஆண் பிள்ளைகளின் அணிகளுக்குப் புலி, கழுகு என்று பெயர். பெண்களுக்குப் பூக்களின் பெயர். எங்கள் படையிலும் மல்லிகை, தாமரை, செம்பருத்தி, ரோஜா என்று நான்கு அணிகள். நம் நாட்டுக்கு வந்தபோது முதலில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். நம் பெண்கள் உள்ளே நுழையச் சில வருடம் ஆனது. சுதந்திரத்துக்கு அப்புறம் ஆண் பெண் இரண்டு பிரிவும் ஒரே குடையின் கீழ் வந்தன. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, மூன்று விரலை உயர்த்தி வணக்கம் வைக்கக் கற்றுக்கொடுப்பேன். ஒரு விரல் கடவுளுக்கும் நாட்டுக்கும். இன்னொன்று பிறருக்கு உதவ. மூன்றாவது இயக்கத்தின் விதிகளுக்கு.

எதற்கு இந்த இயக்கம் என்று பெற்றோர் கேட்பார்கள். மார்க் உண்டா, காலேஜ் சீட்டுக்கு உதவுமா என்பதுதான் அதன் பொருள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். உங்கள் பிள்ளை தனியாக சிவகங்கைக்குப் பஸ் ஏறிப் போய்விட்டுத் தானாகத் திரும்பி வரும். ரத்தத்தைப் பார்த்தால் அலறாமல் கையை நீட்டும். நாலு பேருக்கு நடுவில் வாயைத் திறந்து பேசும். அவ்வளவுதான். பல அம்மாக்கள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். சிலர் மூன்றாவதைக் கேட்டதும் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள்.

படையின் நோக்கத்தைப் பள்ளி நிர்வாகம் வேறு மாதிரிப் புரிந்து வைத்திருந்தது. ஊரில் ஒரு விழா என்றால் சீருடையில் இருபது பிள்ளைகள் வேண்டும். நகைக்கடைத் திறப்பு, கட்டட அடிக்கல், யாராவது பெரிய மனிதரின் அறுபதாம் கல்யாணம் என்று எதுவாக இருந்தாலும் சரி. வாசலில் இரண்டு பக்கமும் நின்று பன்னீர் தெளிக்க வேண்டும், தாம்பாளம் ஏந்த வேண்டும். தாளாளர் போன் செய்வார்.

"கொஞ்சம் நெறமாப் பாத்து முன்னால நிப்பாட்டுங்க டீச்சர். போட்டோவுல நல்லா விழும்ல."

முதல்முறை அதைக் கேட்டபோது எனக்குக் குமட்டியது. இரண்டாம் முறை கேட்காததுபோல இருந்தேன். மூன்றாவது முறை நானே நிறமான பிள்ளைகளை முன்னால் நிறுத்திவிட்டு, உயரத்தின்படி நிறுத்தியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அருவருப்பு என்பது ஒரே நாளில் செத்துப்போவதில்லை. இப்படித் தவணை முறையில்தான் சாகும்.

நான் சொல்ல வந்த நாள் இரண்டு வருடம் முந்தி, ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை. அமராவதிபுதூருக்கு அங்குட்டு ஒரு பெரிய வீடு இருக்கிறது. தெருவுக்குத் தெரு நீளும் பழைய வீடு. இப்போது ஹோட்டல். வெளிநாட்டுக்காரர்களும் சென்னைக்காரர்களும் வந்து தங்குவார்கள். அங்கே மூன்று நாள் பாரம்பரிய விழா. கடைசி நாள் மத்தியானம் இலை போட்டுச் செட்டிநாட்டு விருந்து, அதற்கப்புறம் சிறப்பு விருந்தினர் வந்து பேசுவார், போட்டோ எடுப்பார்கள். ஹோட்டல் முதலாளி எங்கள் தாளாளருக்கு வேண்டப்பட்டவர். படை முழுதும் போக வேண்டும் என்று உத்தரவு.

காலை ஒன்பது மணிக்கு முகப்பில் நின்றோம். பன்னீர் தெளித்தோம். பதினொரு மணிக்குப் பன்னீர் தீர்ந்தது, வெறும் தண்ணீரைச் செம்பில் ஊற்றித் தந்தார்கள். பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. அது முடியும்போது மேனேஜர் என்னிடம் வந்தான். சென்னைப் பையன், கழுத்தில் அட்டை தொங்கிற்று.

"மேடம், இலை எடுக்க வரவேண்டிய டீம் வரலை. அடுத்த பந்தி உட்காரணும். கேர்ள்ஸ் சும்மாதானே நிக்கிறாங்க?"

"அதெல்லாம் பிள்ளைக செய்யக் கூடாது சார்," என்றேன். அந்த ஒரு நிமிடம் வரைக்கும் நான் சரியாகத்தான் இருந்தேன்.

அவன் தள்ளிப்போய் யாரிடமோ பேசினான். உடனே என் போன் அடித்தது. தாளாளர்.

"என்ன டீச்சர், பெரிய வேலையா சொல்லிப்புட்டாக? சேவைன்னு வந்துட்டா அதுல பெருசு சிறுசு உண்டா? நீங்கதான சேவை சேவைன்னு பேசுவீக. நம்ம ஸ்கூல் மானம் போயிறக் கூடாது, பாத்துக்கங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். சொன்னேன்.

பிள்ளைகள் அசையவில்லை. தாமரை அணியின் தலைவி ஒன்பதாம் வகுப்புப் பெண். அப்பா தச்சு வேலை பார்க்கிறவர். ஒல்லியாக இருப்பாள், அதிகம் பேச மாட்டாள், முடிச்சுப் போடுவதில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. அவள்தான் கேட்டாள்.

"நீங்களும் எடுப்பீகளா டீச்சர்?"

அவள் எதிர்த்துக் கேட்கவில்லை. நான் எடுத்தால் அவளும் எடுப்பாள், அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன்.

"நான் மேற்பார்வை பாக்கணும்ல, நீங்க ஆரம்பிங்க."

அவள் என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுக் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு போனாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள்.

ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்த இலைகளைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதி மென்ற முருங்கைக்காய்ச் சக்கை. பாயசத்துக்குள் ஊறிப்போன டிஷ்யூத் தாள். எலும்புகளை இலையில் வைக்காமல் மேசை விரிப்பில் துப்பியிருந்தார் ஒருவர். தண்ணீர் டம்ளரில் வெற்றிலைச் சாறு. ஒருவர் நாற்காலியை விட்டு இன்னும் எழாமல் பல்லைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மல்லிகை அணியில் ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்று அவர் இலைக்காகக் காத்து நின்றது. அவர் பல் குத்திய குச்சியை இலையில் போட்டுவிட்டு, இலையை அவளை நோக்கி நகர்த்தினார். "பாத்து, சட்டைல கொட்டிக்காத," என்றார் பிரியமாக. அந்தப் பிரியம்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கைகளை மட்டும் நீட்டி எடுத்தார்கள். நான் சுவரோரமாக நின்று மேற்பார்வை பார்த்தேன்.

இலை எடுக்கும் வேலை எந்தப் பிள்ளைக்கும் இழிவில்லை என்று யாராவது சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்வேன். அதைத் தினம் செய்து பிழைக்கிறவர்களைக் குறைத்துப் பேச எனக்கு வாயில்லை. ஆனால் அன்றைக்கு அங்கே இருந்த அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவர்கூடத் தன் இலையை மடித்துத் தானே எடுத்துக்கொண்டு எழவில்லை. சேவை என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள்.

இரண்டாம் பந்திக்குப் பரிமாறிக்கொண்டிருந்தபோது பின்கட்டிலிருந்து ஒரு அலறல். சமையல்காரர்களோடு வந்த உதவிக்காரப் பெண், சிங்கம்புணரிப் பக்கத்துக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும், கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தவள், வழுக்கும் தரைக்கல்லில் சறுக்கிவிட்டாள். அண்டா கவிழ்ந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் கொட்டிவிட்டது.

நான் போய்ச் சேர்வதற்குள் அவளைச் சுற்றிக் கூட்டம். "இட்லி மாவ ஊத்துங்க," என்றது ஒரு குரல். "பேஸ்ட் இருக்கா பேஸ்ட்?" என்றது இன்னொன்று. யாரும் அவளைத் தொடவில்லை. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தாமரை அணித் தலைவி நுழைந்தாள். இலை எடுத்த கையை எங்கேயோ கழுவிவிட்டு வந்திருந்தாள், ஈரம் சொட்டிற்று.

"ஒண்ணும் போடாதீக! தண்ணி மட்டும்!" என்று கத்தினாள். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு குரல் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "இங்குட்டுக் குழாய் எங்க இருக்கு? வாளி கொண்டாங்கடி!"

நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலைந்து பிள்ளைகள் கிணற்றடிக் குழாயிலிருந்து வரிசையாக நின்று வாளி மாற்றினார்கள். இரண்டு பேர் அந்தப் பெண்ணை முதுகில் தாங்கி உட்கார வைத்தார்கள். தலைவி கால்களில் தண்ணீரை மெதுவாக விட்டுக்கொண்டே இருந்தாள். "அக்கா, இன்னும் கொஞ்ச நேரம்தேன். என்னயப் பாருங்க. எந்த ஊருக்கா?" என்று பேச்சுக் கொடுத்தாள்.

காலோடு ஒட்டாத அளவுக்குச் சேலையை உயர்த்த வேண்டியிருந்தது. அப்போதுதான் கவனித்தேன். சுற்றி நின்றவர்களில் நாலைந்து பேர் போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலியில் துடிக்கும் ஒரு பெண்ணை, சேலை முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கும் ஒரு பெண்ணை, சாப்பிட்ட கை காயாமல் படம் பிடித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் செம்பருத்தி அணிப் பிள்ளைகள் தங்கள் துப்பட்டாக்களைக் கழற்றி, நாலு பக்கமும் பிடித்து மறைப்புக் கட்டிவிட்டார்கள். ஒரு ஆள் துப்பட்டாவுக்கு மேலே போனை நீட்டினான். அந்த ஆறாம் வகுப்புக் குட்டி எக்கி, போன் கேமராவில் உள்ளங்கையை வைத்து அப்பியது. கையெல்லாம் சாம்பார்.

மேனேஜர் ஓடி வந்தான். "மேடம், ஃப்ளோரெல்லாம் தண்ணி! சீஃப் கெஸ்ட் பத்து நிமிஷத்துல வர்றார்!"

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. பின்வாசலுக்கு வரச் சொல்லியிருக்கேன். முன்னாடி வந்தா நல்லா இருக்காது."

பின்வாசல் கதவுக்குக் குறுக்கே ஜெனரேட்டர் வண்டி நின்றது. டிரைவரைக் காணவில்லை. சாவியும் இல்லை. ஆம்புலன்ஸ் பின்தெருவில் நின்று பார்த்துவிட்டு, முன்தெருவுக்குச் சுற்றி வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சர் முகப்பில் காத்திருக்கும், அதுவரை அவள் இங்கேயே இருக்கட்டும், சீஃப் கெஸ்ட் உள்ளே போனதும் பார்த்துக்கொள்ளலாம் என்றான் மேனேஜர்.

தலைவி என்னைப் பார்த்தாள். இந்த முறை அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை உருவி, காயத்தின் மேல் இறுக்காமல் போர்த்தினாள். பக்கத்தில் இருந்தவர்களும் உருவிக் கொடுத்தார்கள். இரண்டு பெரிய பிள்ளைகள் மணிக்கட்டு பற்றி நாலு கை இருக்கை போட்டார்கள். அந்தப் பெண் அவர்கள் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். தலைவி அவளுடைய கால்களைத் தன் முன்கைகளில் ஏந்தி, பின்பக்கமாக நடந்தாள்.

அப்போது நான் செய்ய ஒரு வேலை இருந்தது. முன்னால் போனேன். அடுக்களை தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டி, பந்தி நடக்கும் வளவு முற்றத்துக்குள் நுழைந்தோம். "வழி விடுங்க, வழி விடுங்க," என்று கத்திக்கொண்டே நடந்தேன். ஒரு பிள்ளை விசில் ஊதிற்று. கையில் அப்பளத்தோடு ஆட்கள் எங்களைப் பார்த்தார்கள். சிலர் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை, இலைக்கு முன்னால் உட்கார்ந்தவாறே முகத்தைச் சுளித்தார்கள். வரிசைக் கடைசியில் பட்டுச்சேலையில் இருந்த ஒரு ஆச்சி மட்டும் இலையை விட்டு எழுந்து, குறுக்கே கிடந்த மேசையைத் தன் கையாலேயே இழுத்தார்கள். "எந்திரிங்கய்யா, சோறு எங்குட்டும் ஓடிப் போயிறாது," என்று பக்கத்து ஆளைத் திட்டினார்கள்.

முகப்புக்கு வந்தபோது சிறப்பு விருந்தினரின் கார் நின்றது. அவர் இறங்கிக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் வாசிக்கத் தொடங்கி, எங்களைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். அவர் ஒதுங்கி நின்றார். பிள்ளைகள் அவரைத் தாண்டிப் படியிறங்கி, அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். சமையல்காரரின் மனைவி கூடவே ஏறிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் போயிற்று.

அதற்கப்புறம் மேளம் மறுபடி தொடங்கியது. எதுவுமே நடக்காததுபோல.

பேச்சு முடிந்து போட்டோவுக்கு அழைத்தார்கள். தாளாளர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"எங்க டீச்சர் ஸ்கார்ஃபெல்லாம்? பாதிப் பிள்ளைக வெறுங்கழுத்தா நிக்கிதுக?"

"அந்தம்மா கால்ல போட்டு அனுப்பியாச்சு ஐயா."

"கால்லயா? சீருடைல்ல அது?"

தாமரை அணித் தலைவி பக்கத்தில்தான் நின்றாள். "அதுக்காகத்தான ஐயா அத முக்கோணமா வெட்டுறது," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கட்டுப் போடத்தான் அந்தத் துணி என்பது இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொண்டதாகவும் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"நனைஞ்ச பிள்ளைக எல்லாம் அங்குட்டுப் போங்க. மத்தவுக வரட்டும்."

ஈரச் சட்டையோடு, ஸ்கார்ஃபும் துப்பட்டாவும் இல்லாமல் பதினோரு பிள்ளைகள் தூணோரமாக ஒதுங்கினார்கள். அந்த நேரம் பந்தியில் நனையாத சீருடையோடு இருந்த பதின்மூன்று பேர் விருந்தினருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அவர்களும் வாளி தூக்க வந்தவர்கள்தான். இடம் இல்லாததால் பரிமாறும் பக்கம் போனவர்கள். அதில் ஒருத்தி போட்டோ எடுக்கும்போது அழுதுவிட்டாள். "சிரிம்மா," என்றார் போட்டோக்காரர்.

எங்களுக்குச் சாப்பாடு எல்லோரும் போன பிறகு. மூன்று மணிக்கு மேல் ஆகியிருந்தது. பிள்ளைகள் கை கழுவினார்கள். மோந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கழுவினார்கள். சோப்பு இல்லை, சாம்பல் கேட்டு வாங்கித் தேய்த்தார்கள். பலர் சாப்பிடவில்லை.

"பசிக்கலை டீச்சர்," என்றாள் தலைவி.

நானும் சாப்பிடவில்லை. அதில் பெருமை ஒன்றுமில்லை. அந்த இலையின் முன்னால் என்னால் உட்கார முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பேப்பரில் படம் வந்தது. விழாவில் சாரணியரின் சேவை என்று கீழே ஒரு வரி. பதின்மூன்று பிள்ளைகள். தலைமையாசிரியை அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார்.

ஒவ்வொரு அணியும் தான் செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அது படையின் விதி. தேர்வு முகாமுக்குப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை தாமரை அணியின் குறிப்பேடு என் மேசைக்கு வந்தது. தலைவியின் கையெழுத்தில் நாலு வரி.

'பந்தி இலை எடுத்தோம். எத்தனை என்று எண்ணவில்லை. சாம்பார் கொட்டிய ஒருவருக்கு முதலுதவி செய்தோம். முதல் வேலை டீச்சர் சொன்னது. இரண்டாவது வேலை யாரும் சொல்லாதது.'

குறிப்பேடுகளைத் தாளாளர் அதுவரை பார்த்ததே இல்லை. இந்த முறை யார் சொன்னார்களோ, கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு 'வரவேற்புப் பணி' என்று புதிதாக எழுதி வாங்கச் சொன்னார். நாளைக்கு யாராவது கேட்டால் குழந்தைகளை வேலை வாங்கினார்கள் என்று ஆகிவிடும் என்றார். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

நான் போய்ச் சொன்னேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. சைக்கிள் ஷெட்டுப் பக்கம் அவளைக் கூப்பிட்டு, "வேற மாதிரி எழுதிரும்மா. முகாமுக்குப் போகணும்ல நீ," என்றேன்.

அவள் மறுக்கவில்லை. குறிப்பேட்டின் புதுப் பக்கத்தைப் பிரித்து, முழங்காலில் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"என்ன எழுதணும் டீச்சர்? நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

பேனா முனை தாளைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவள் உண்மையிலேயே காத்திருந்தாள். நான் ஒரு வாக்கியம் யோசித்தேன். 'பள்ளியின் சார்பில்' என்று தொடங்கிற்று. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். எழுந்துபோய்க் குழாயடியில் வாந்தி எடுத்தேன். அவள் பின்னாலேயே வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் எழுத வேணாம்," என்றேன். "எழுதுனதே இருக்கட்டும்."

தாளாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "உங்களுக்கும் வயசாகுதுல்ல டீச்சர். சின்ன ஆளுகளுக்கு விட்டுக் குடுங்க," என்றார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து படை வேறொரு ஆசிரியைக்குப் போயிற்று. சிவகங்கையில் நடந்த தேர்வு முகாமுக்கான பட்டியலில் தாமரை அணித் தலைவியின் பெயர் இல்லை.

அவளுடைய அப்பா ஒருநாள் பள்ளிக்கு வந்தார். சட்டையில் மரத்தூள். இப்போது புது வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்கிறார்.

"எம் பொண்ணு எச்சி எல எடுத்துச்சா டீச்சர்?"

"ஆமாண்ணே. நான்தான் எடுக்கச் சொன்னேன். தப்பு."

வைவார் என்று நினைத்தேன், வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் சாப்ட்ட தட்ட இப்ப நானே கழுவுறேன் டீச்சர்," என்றார். "அது வாயால கழுவச் சொல்லலை. ஆனா தட்ட நீட்டுனா ஒரு பார்வை பாக்குது பாருங்க, அத என்னால தாங்க முடியலை."

அதற்கடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, நானும் ஏழு பிள்ளைகளும் சாதாரண உடையில் சிங்கம்புணரிக்குப் பஸ் ஏறினோம். அந்தப் பெண்ணின் ஒரு கால் நன்றாக ஆறியிருந்தது. இன்னொன்றில் தோல் இழுத்துக்கொண்டு, நடக்கும்போது லேசாகச் சாய்ந்தாள். ஹோட்டலிலிருந்து யாரும் வந்து பார்க்கவில்லை. சமையல் வேலைக்கு இனி வேண்டாம் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டாராம். தண்ணீர் உடனே ஊற்றியதால்தான் இந்த அளவில் நின்றது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அதைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு பிள்ளையின் கையையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எம்புட்டுச் சின்னக் கையி," என்றாள். பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். எங்களுக்குக் கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்தாள். டம்ளர்களை அவளிடமிருந்து பிடுங்கிப் பிள்ளைகளே கழுவி வைத்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

அந்தத் தலைவி இப்போது பதினொன்றாம் வகுப்பு. படையில் இல்லை. அவளோடு இன்னும் ஒன்பது பேர் விலகிவிட்டார்கள். படை அழியவில்லை, ஆள் மாற்றி இன்னும் பெரிதாகியிருக்கிறது. விழாக்கள் அதிகம்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் தொழிலதிபர் ஒருவருக்குப் பாராட்டு விழா. ஸ்கூட்டரில் அந்த வழியாகப் போனேன். மத்தியானம் பன்னிரண்டு மணி. வாசலின் இரண்டு பக்கமும் நீலச் சீருடையில் பிள்ளைகள். முன்னால் நிறமானவர்கள். நிறுத்திவிட்டு இறங்கினேன். அதில் ஒரு பிள்ளை என்னிடம் அறிவியல் படிக்கிறது. உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிச்சியா?"

"இல்ல டீச்சர். குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காக."

"ஏன்?"

அது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னது. "ஒண்ணுக்கு வரும்ல. பாத்ரூமு விருந்தாளிகளுக்கு மட்டும்தானாம். காலைல எட்டு மணிலருந்து யாரும் போகலை."

நான் இப்போது கேப்டன் இல்லை. எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. உள்ளே போய், அலுவலக அறையில் இருந்தவரிடம் பெண்கள் கழிப்பறைச் சாவியைக் கேட்டேன். யார் நீங்க, யாரைக் கேட்டு வந்தீங்க என்றார். சாவி அவர் மேசையில்தான் கிடந்தது. எடுத்துக்கொண்டேன். அவர் சத்தம் போட்டுக்கொண்டே பின்னால் வந்தார். வாசலுக்கு வந்து பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக வரச் சொன்னேன். புது கேப்டன் என்னைப் பார்த்துக் கையைப் பிசைந்தாள், தடுக்கவில்லை. எதிர்க்கடையில் ஒரு கேன் தண்ணீர் வாங்கி வாசற்படியில் வைத்தேன்.

கழிப்பறைக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். முப்பது பிள்ளைகள். கடைசி இரண்டு பேர் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அந்த ஆள் என் பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டே இருந்தார். தாளாளருக்கும் போன் போட்டார். என் போன் பையில் அடித்து அடித்து ஓய்ந்தது.